பல் அடைப்பில் பாதரசம்

ஆசிரியருக்கு,

'வெள்ளி அடைப்பு' எனப்படும் அமால்கத்தில் வெள்ளியைவிடப் பாதரசமே அதிகம். எடையில் ஏறக்குறைய பாதி. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் இதைக் கைவிட 2034-ஐக் கெடுவாக வைத்துள்ளன. புதிதாக வைப்பதை நிறுத்துவது எளிது. காம்போசிட், கண்ணாடி அயனோமர் போன்ற பாதரசமில்லா அடைப்புப் பொருள்கள் இருக்கின்றன. சிக்கல் ஏற்கெனவே வாயில் இருக்கும் பழைய அடைப்பில்தான். உறுதியாக இருக்கும் அடைப்பைப் பயந்துபோய் எடுக்க வேண்டாம். குடையும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு) மாட்டி, தண்ணீர் பீய்ச்சியபடி, பொடியாக்காமல் துண்டு துண்டாக வெட்டி உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்தத் துணுக்குகளும் அமால்கம் ஒட்டிய பற்களும் எரிக்க அனுப்பும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குப் போனால் பாதரசம் எரியுலைப் புகையோடு வெளியேறும். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலும் அதே கதைதான். காற்றுப் புகாத டப்பாவில் தனியே சேர்க்க வேண்டும். நாற்காலியின் கழிவுநீர்க் குழாயில் அமால்கம் துகள்களைத் தடுத்துப் பிடிக்கும் பிரிப்பான் இல்லையென்றால், நுண்துகள் நேரே சாக்கடைக்குத்தான்.

– பல் மருத்துவர் ஒருவர், மதுரை