ஆளை நிறுத்தும் முன் விசாரணை நடத்துங்கள்: புதுச்சேரித் தொழிற்சாலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். தொழிலாளர் நீதிமன்றத்தில் உங்கள் தரப்பில் நின்று வாதாடுவதையே என் தொழிலாகக் கொண்டிருப்பவன் நான். ஆலையை நடத்துபவர் பக்கமும் நியாயம் உண்டு, அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். அந்த நம்பிக்கையால்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் உங்களில் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். பல ஆண்டுகள் லேத் ஓட்டிய ஒருவரை, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பி நிறுத்தியிருந்தார். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடமிருந்து நோட்டீஸ் வந்த பிறகு, முன்தேதியிட்டு ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை (தொழிலாளி மீதான குற்றச்சாட்டை எழுதி விளக்கம் கேட்கும் கடிதம்) தயாரித்துத் தரும்படி என்னிடம் கேட்டார். மறுத்தேன். "பீஸ் வாங்குகிற வக்கீல் இதைக்கூடச் செய்யக்கூடாதா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார். இதே கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் உங்களில் பலர் என்னிடம் கேட்டிருப்பதால், எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்: ஆளை நிறுத்தும் முன் குறிப்பாணை கொடுங்கள், அவருடைய விளக்கத்தைப் பெறுங்கள், உள்விசாரணையை முறையாக நடத்துங்கள். நிறுத்திய பிறகு என்னிடம் வந்து காகிதம் கேட்காதீர்கள்.

"அவரே வேலையை விட்டு நின்றுவிட்டார்" என்பது உங்களில் பலர் சொல்லும் எதிர்வாதம். வேலைக்கு வராதவரைக்கூட விசாரணையின்றிப் பெயர் நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993லேயே சொல்லிவிட்டது. சட்டவிரோதமாக நிறுத்தப்பட்டவருக்குப் பின்ஊதியத்துடன், அதாவது வேலையின்றி இருந்த காலத்துக்கான சம்பளத்துடன், மீண்டும் வேலை தருவதே பொதுவிதி என்று 2013இல் சொன்னது. அவர் வேறிடத்தில் சம்பாதிக்கிறார் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் நம்முடையது.

அந்தப் பொறுப்பை நிறைவேற்ற ஒருமுறை ஒரு நிர்வாகம் எனக்குப் புகைப்படம் ஒன்றைக் கொடுத்தது. வேலையிழந்த ஆபரேட்டர் ஒரு டீக்கடையில் கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருக்கும் படம். சம்பாதிக்கிறீர்கள் அல்லவா என்று அதைக் காட்டிக் கேட்பது என் கடமை, கேட்டேன். "மச்சான் கடைங்க ஐயா. சாப்பாடு போடுவாரு, காசெல்லாம் கிடையாது" என்றார். சந்தா நின்றதால் சில மாதங்களில் இ.எஸ்.ஐ. சிகிச்சையும் நின்றுபோனதையும், மனைவியின் சர்க்கரை நோய்க்கான மருந்தைக் கடையில் கடன் சொல்லி வாங்குவதையும் அவர் கூண்டில் நின்று சொன்னபோது, எனக்கு அடுத்து கேட்கக் கேள்வி இருக்கவில்லை. அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. மெஷினைக் கவனிக்காமல் விட்டுப் பழுதாக்கியதாக நிர்வாகம் சொன்னது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சம்பவத்தன்றே எழுதி வாங்கிய ஒரு வரிகூட இல்லை. உள்விசாரணை நடத்தாத நிர்வாகம் நீதிமன்றத்திலேயே குற்றத்தை நிரூபிக்கச் சட்டம் வாய்ப்புத் தருகிறது என்பது சரிதான், ஆனால் வழக்கு சாட்சிக் கட்டத்துக்கு வருவதற்குள் நேரில் பார்த்த சூப்பர்வைசர் வேலையை விட்டுத் திருப்பூர் போயிருந்தார். தோற்றோம். நிர்வாகம் என்னைத்தான் குறை சொன்னது.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்ததும், 300 பேருக்குக் குறைவாக இருந்தால் யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று உங்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அந்த 300 என்ற வரம்பு ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன்அனுமதி பெறுவது போன்றவற்றுக்குத்தான். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பில் அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸும், ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியமும் இன்றும் தந்தாக வேண்டும். அதற்கு மேல், ஆட்குறைப்பில் போனவர் புதிய திறன் கற்க உதவும் மறுதிறன் நிதிக்கு 15 நாள் ஊதியமும் உண்டு. தனியொரு தொழிலாளி சமரச அதிகாரியிடம் விண்ணப்பித்து 45 நாள் கழிந்ததும் நேரடியாகத் தீர்ப்பாயம் செல்லும் வழியும் அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் இந்த ஊரில் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். 1936 ஜூலை 30 அன்று 12 ஆலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஊர் இது. மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. அத்தகைய ஊரில் ஒருவரை வேலையை விட்டு அனுப்ப ஒரு குரல் செய்தி போதும் என்று எப்படி நினைக்க முடிகிறது? நியமன ஆணை தராமல், பாதிச் சம்பளத்துக்கு மட்டும் பி.எஃப். கட்டி, மீதியைக் கையில் கொடுத்துவிட்டு, வழக்கு வந்ததும் ஆவணங்களை என்னிடம் எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

கோபம் சற்று மிகுந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஒருவரை நிறுத்த நினைக்கும் அன்றே அழையுங்கள். குறிப்பாணை எழுதவும், வெளியாள் ஒருவரை விசாரணை அதிகாரியாக நியமிக்கவும், தொழிலாளி சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய இடம் தரவும் உடனிருந்து உதவுகிறேன். விசாரணையில் அவர் மீது குற்றமில்லை என்று தெரிந்தால், தயவுசெய்து மறுநாளே வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர்,
புதுச்சேரி.