ரங்கூன் நேரத்தில் விடுபட்ட அரை மணி

அனுப்புநர்: ஆண்டுச் சந்தாதாரர், மகாபந்துலா சாலை, ரங்கூன்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: டைமர் செருகுநிரல் வேலை நேரத்தைத் தவறாகப் பதிவது குறித்து

ஐயா,

சென்னையில் உளுந்து இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்துக்கு ரங்கூனில் என் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். மணிக்கணக்கில் சம்பளம். எந்த நேரத்தில் எந்த வேலை பார்த்தேன் என்பதை முதலாளி இணைய நாட்காட்டியில் பார்த்துக்கொள்வார். அதற்காகவே, வேலை நேரத்தை அளந்து நாட்காட்டியில் தானே பதியும் உங்கள் செருகுநிரலுக்கு (பிளகின்) ஓராண்டுச் சந்தா கட்டினேன்.

நிறுவுவதில் சிரமம் இல்லை. கூகுள் நாட்காட்டிக்கு அனுமதி கொடுத்தேன்; 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்று வைத்தேன். நேர மண்டலப் பட்டியலில் யாங்கோன் இல்லை, பழைய பெயரான ரங்கூன் இருந்தது. வீட்டில் நாங்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். சந்தேகப்படாமல் அதைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்தில் +6:00 என்று, அதாவது உலகப் பொது நேரத்தைவிட (UTC) ஆறு மணி நேரம் முன்னே என்று, இருந்ததை அப்போது கவனிக்கவில்லை.

பர்மாவின் நேரம் +6:30. அந்த 30 நிமிடத்தை உங்கள் செருகுநிரல் விட்டுவிடுவதால் ஒவ்வொரு பதிவும் அரை மணி தள்ளி விழுகிறது. 25உம் 5உம் சேர்ந்தால் சரியாக அரை மணி அல்லவா? ஒரு பதிவு அடுத்த பதிவின் இடத்தில் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. மூன்று வாரம் எனக்குப் பிழையே தெரியவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை பகல் 1 மணிக்கு எங்கள் தெருவில் மின்சாரம் நின்றது. 12:55க்குத்தான் ஒரு பதிவை முடித்திருந்தேன். கணினி அணைந்ததும் முதலாளிக்குக் கைபேசியில் செய்தி அனுப்பினேன். மாலையில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் நேரப்படி 1:00 முதல் 1:25 வரை நான் வேலை பார்த்ததாக நாட்காட்டியில் ஒரு பச்சைக் கட்டம். கீழே ஒரே வரி: “மின்சாரம் இல்லாமல் எப்படியம்மா கணக்கு எழுதினீர்கள்?” பதினோரு ஆண்டுகளாக அவரிடம் வேலை பார்க்கிறேன். ஒரு நாளும் அவர் இப்படிக் கேட்டதில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களுக்கு எழுதினேன். கணினிக் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னீர்கள். அது சரியாகவே இருந்தது. பிறகு அருகிலுள்ள டாக்காவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள். டாக்காவும் +6:00தானே!

தமிழ்நாட்டில் இதைத் தயாரிக்கும் உங்களுக்கு அரை மணிக் கணக்கு புதிதா? உங்கள் நேரம் +5:30. பட்டியலில் இந்திய நேரத்தைக் குறிக்கும் கொல்கத்தாவுக்கு அதைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். நாட்காட்டியின் மீதும் குறை சொல்ல முடியாது; +06:30 என்று அனுப்பினாலும் ஏற்கும், மண்டலப் பெயரை அனுப்பினாலும் ஏற்கும். கணினிகள் பின்பற்றும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் 2016இலேயே ரங்கூன் யாங்கோன் ஆகிவிட்டது. அதை அப்படியே எடுத்திருந்தால் பெயரும் நேரமும் சரியாக இருந்திருக்கும்.

பிழையைத் திருத்துங்கள். மூன்று வாரப் பதிவுகளையும் அரை மணி முன்னதாக நீங்களே மாற்றிக் கொடுங்கள். நான் கையால் மாற்றினால் அதையும் சந்தேகிப்பார்கள். எல்லாவற்றுக்கும் முதலில், தவறு செருகுநிரலுடையது என்று உங்கள் நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும். சந்தாப் பணத்தைத் திருப்பித் தந்து இதை முடித்துவிட வேண்டாம். எங்கள் மாதக் கணக்கு 30ஆம் தேதி முடிகிறது. அதற்குள் அந்தக் கடிதம் என் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்