நடுவில் தொங்குகிறவனை ஏன் வெட்டிவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பரோக் காலச் (பதினேழாம் நூற்றாண்டை ஒட்டிய ஐரோப்பியக் கலைக்காலம்) சூனியக்காரி ஓவியங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இத்தாலிய ஓவியர் சால்வதோர் ரோசாவின் 'மந்திரம் ஓதும் சூனியக்காரிகள்' படத்தைப் போட்டதற்கு நன்றி. ஆனால் வலது ஓரத்தை மட்டும் போட்டிருக்கிறீர்கள். நடுவே பட்டமரத்தில் தொங்குகிற மனிதனைக் காணோம். அவன் இல்லாமல் அந்தப் படமே இல்லை.

லண்டன் நேஷனல் கேலரியில் அதன் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். பெரிய படமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன்; இரண்டரை அடி உயரம்கூட இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது, ஒருத்தி அந்தப் பிணத்தின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருக்கிறாள். கைக்குழந்தைக்கு வெட்டுவது போல அவ்வளவு கவனமாக. இன்னொருத்தி அதற்குப் புகை காட்டுகிறாள். இடது பக்கம், சவப்பெட்டியிலிருந்து தூக்கி நிறுத்திய எலும்புக்கூட்டை எழுத வைக்கிறார்கள்.

இதையெல்லாம் 'ஓவியரின் விபரீதக் கற்பனை' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தூக்கில் போடப்பட்டவரின் உடம்புக்குச் சக்தி உண்டு என்று அன்றைய ஐரோப்பாவில் பலர் நிஜமாகவே நம்பினார்கள். ரோசா இதை வரைந்தது 1646 வாக்கில், ஃபிளாரன்சில் இருந்தபோது. அதற்கு இருபது வருடம் முன்புதான் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கிலும் பாம்பெர்க்கிலும் சூனியம் வைத்ததாகச் சொல்லி நூற்றுக்கணக்கானவர்களைக் கொல்லத் தொடங்கியிருந்தார்கள். பாம்பெர்க் மேயர்களில் ஒருவரான யோகானஸ் யூனியுஸ் 1628இல் சிறையிலிருந்து மகளுக்கு ரகசியமாக எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. சித்திரவதை தாங்காமல் பொய்யாக ஒப்புக்கொண்டேன் என்று, நசுங்கிய கையை வைத்துக்கொண்டு பல நாள் எழுதியிருக்கிறார். ரோசா அவரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், சரி. ஆனாலும் அந்த எலும்புக்கூட்டின் கையைப் பார்த்தபோது எனக்கு யூனியுஸ்தான் நினைவுக்கு வந்தார்.

ரோமில் இந்த ஓவியத்தை வைத்திருந்த கார்லோ தே ரோசி, அதைத் திரை போட்டு மூடி வைத்திருந்தார். ஆனால் வந்தவர்களுக்குத் திரையை விலக்கியபோது முழுசாகக் காட்டினார். நீங்களும் அடுத்த இணைப்பில் முழுப் படத்தையும் போடுங்கள், அரைப் பக்கத்துக்காவது. சின்னதாகப் போட்டால் அந்த நகம் தெரியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்