தம்பிக்கு, உன் வண்டியைப் பற்றி

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் வலது கண்ணும் தெளிந்துவிட்டது. சொட்டு மருந்து இன்னும் பத்து நாளைக்கு விட வேண்டும். மேலே உள்ள தண்ணீர்த் தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது. பெரியம்மா அனுப்பிய ஒடியல் மா வந்து சேர்ந்தது, உனக்கென்று பாதியைப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறாள் அம்மா. வேறு புதினம் இல்லை.

எழுத உட்கார்ந்தது உன் மோட்டார் சைக்கிளுக்காக. அதன் வருமான அனுமதிப்பத்திரம் அடுத்த மாதம் 14ஆம் திகதி முடிகிறது. காப்புறுதியும் அதே வாரம். புகைப் பரிசோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். புதுப்பிப்பதா என்று தொலைபேசியில் இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் "பார்ப்போம் அப்பா" என்று சொல்லிவிட்டு அங்கே பெய்யும் மழையைப் பற்றிக் கதைத்தாய். அதனால்தான் கடிதம். ஆறுதலாக வாசி.

பொங்கலுக்கு வந்து நின்ற ஒன்பது நாளும் நீ படிக்கட்டின் கீழே போகவில்லை. வண்டியைப் போர்த்தியிருந்த துணியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. சந்தைக்கு அனுப்பியபோது திறப்பை நான் மேசையில் வைத்தேன். நீ அதன் பக்கத்தில் இருந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தாய். முன்பு சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போவதற்கும் வண்டியை எடுப்பவன் நீ. மட்டக்களப்புக்கு மாற்றம் கிடைத்தபோது வண்டியை லொறியில் ஏற்றி அனுப்பவா என்று கேட்டேன், பிறகு என்றாய். நீ தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா நம் அம்மாவிடம் சொன்னாராம், தம்பி கல்லடிப் பாலத்தால் நடந்தே கந்தோருக்குப் போகிறார், நல்ல பழக்கம் என்று. அம்மாவுக்குப் பெருமை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீ அந்த வண்டியை வாங்கியதை நான் மறப்பேனா? இறக்குமதி நின்றிருந்த காலம், பாவித்த பல்சருக்கே புது வண்டியின் விலை சொன்னார்கள். என்னிடம் ஒரு சதம் கேட்காமல், சம்பளத்தில் மாதம் மாதம் மிச்சம் பிடித்து வாங்கினாய். முதல் நாள் அம்மாவைப் பின்னால் இருத்திக் கொட்டாஞ்சேனை வரை கொண்டுபோய் வந்தாயே, அவள் அதை இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அப்படிப்பட்டவன் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லாமல் வண்டியைத் துணியால் மூடிவிட்டுப் போனால் என்ன நினைப்பது? என்னிடம் சொல்லக்கூடாத அளவுக்கு நான் என்ன அந்நியனா?

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். நீ வந்து நின்ற நாள்களில் ஓரிரவு ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பினேன். உன் அறைக் கதவு சாத்தியிருக்கவில்லை. கைத்தொலைபேசியில் நீ பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. ஒரு சந்தி, ஒரு லொறி, ஒரு மோட்டார் சைக்கிள். அது முடிந்ததும் அடுத்தது. அதிலும் ஒரு மோட்டார் சைக்கிள். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாய். நான் தண்ணீர் குடிக்காமலேயே திரும்பிப் படுத்துவிட்டேன். அவற்றைப் பார்க்காதே. விழாமல் வீடு போய்ச் சேர்கிறவர்களை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. அன்றைக்கு ஒரு இலட்சம் பேர் பத்திரமாகப் போயிருப்பார்கள், உன் கண்ணுக்கு அந்த ஒருவன்தான் வருவான். இரவில் பார்க்காதே, பகலிலும் பார்க்காதே.

மறுபடி ஏறும் எண்ணம் இருந்தால், முதலில் ஹெல்மெட். நாடியின் கீழே வாரைப் பூட்டு. வாருக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் மட்டும் போக வேண்டும். பூட்டாத ஹெல்மெட் விழும்போது உனக்கு முன்பே பறந்துவிடும்.

முன் பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்று உனக்குச் சொல்லித் தந்தேனா என்று யோசிக்கிறேன். இல்லை என்றே நினைக்கிறேன். பின் பிரேக்கை மிதி என்றுதான் எனக்கும் சொல்லித் தந்தார்கள், உனக்கும் அதையே சொன்னேன். அது போதாது. நிறுத்தும்போது பாரத்தின் பெரும்பகுதி முன்னால் போகிறது, பின்சில்லு இலேசாகிச் சறுக்குகிறது. முன்சில்லுதான் வண்டியை நிறுத்துகிறது. ஆனால் வெடுக்கென்று பிடிக்கக் கூடாது, தேசிக்காயைப் பிழிவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சில்லு ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது தொடவே கூடாது. இதைக் கை தானாகச் செய்யும்வரை வெறும் வீதியில் பழக வேண்டும். பஸ் முன்னால் வந்தபிறகு யோசித்துச் செய்ய நேரம் கிடைக்காது.

முப்பத்தொரு வருடம் கணக்கெழுதியவன், கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. மணிக்கு 50 கிலோமீற்றரில் போனால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடவே ஒரு விநாடி போய்விடும். அதே விநாடியில் 30இல் போகிறவன் 8 மீற்றர்தான் போயிருப்பான். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகிறது. 30இல் போ, தம்பி. பின்னால் ஹோர்ன் அடிப்பவன் அடித்துக்கொண்டே வரட்டும்.

காலி வீதியில் இரண்டு பஸ்கள் ஒரே இலக்கத்தில் ஒன்றையொன்று முந்தினால் இரண்டையும் போகவிடு. அவர்களுக்கு அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் ஆட்கள்தான் அன்றைய வருமானம், உன்னை அவர்கள் பார்க்கப்போவதில்லை. நின்ற பஸ்ஸின் இடப்பக்கம் புகாதே, ஆட்கள் அங்கேதான் இறங்குவார்கள். வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் வாகனக்காரர் உன் முகத்தை நேரே பார்த்தாலும் கண்டுவிட்டார் என்று நம்பாதே. அவருடைய கண் பஸ்ஸையும் லொறியையும் தேடிக்கொண்டிருக்கும், ஒற்றை விளக்கு அதில் பதியாது. வெயில் காலத்துக்குப் பிறகு வரும் முதல் மழையில் ஓடாதே. வீதியில் படிந்த எண்ணெயும் புழுதியும் அப்போதுதான் மிதந்து வரும். ஒரு கடையின் தாழ்வாரத்தில் கால் மணி நேரம் நில். ஈரத்தில் பாதசாரிக் கடவைக் கோட்டின்மேல் பிரேக் பிடிக்காதே. மட்டக்களப்புப் பக்கத்தில் இரவில் தார் வீதியில் மாடுகள் படுத்திருக்குமே, இருட்டியபிறகு ஏறவே வேண்டாம். குழியைக் கண்டால் குழியைப் பார்க்காதே, விலகிப் போகும் வழியைப் பார். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டியும் போகும். ஹெல்மெட் வாரைப் பூட்டு.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். உன்னிடம் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். நீ பஸ் ஏறிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்கு உன் வண்டியை ஒழுங்கைக்கு உருட்டிக் கொண்டுபோனேன். அன்று ஓட்டவில்லை. எஞ்சினை இயக்கிவிட்டு அதன்மேல் இருந்து நூறு வரை எண்ணினேன். இறங்கினேன். அடுத்த ஞாயிறு ஒழுங்கை முனை வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது கிழமை மரைன் ட்ரைவில் பம்பலப்பிட்டி வரை, கடலைப் பார்த்தபடி நடப்பவர்களைத் தவிர வேறு யாரும் இல்லாத நேரத்தில். நான்காவது கிழமை ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொண்டு, அதன் நேரே நிறுத்துவதை இருபது தரம் பழகினேன். முன் பிரேக்கை அப்போதுதான் சரியாகக் கற்றேன், இந்த வயதில். ஐந்தாவது கிழமை காலி வீதிக்கு ஏறினேன். சவோய் சந்தியில் ஒரு பஸ் பக்கத்தில் வந்து நின்றது. நின்றது மட்டும்தான், வேறு ஒன்றுமில்லை. என் கால்கள் நடுங்கத் தொடங்கின. இறங்கி வீடு வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பெற்றோல் முடிந்துவிட்டதா என்று கீழ்வீட்டு ஆட்டோக்காரர் கேட்டார். ஆம் என்றேன்.

பார், இன்றும் அப்படித்தான் சொல்கிறேன்.

தம்பி, 2014ஆம் ஆண்டு ஒரு மழைநாள் காலை, பம்பலப்பிட்டியில் தரிப்பிடத்தில் நின்ற ஒரு பஸ் சமிக்ஞை இல்லாமல் வலப்பக்கம் வெளியே வந்தது. நான் பின் பிரேக்கை மிதித்தேன். வண்டி சறுக்கிச் சறுக்கி நின்றபோது என் முன்சில்லுக்கும் பஸ்ஸின் தகரத்துக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. பஸ் போய்விட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு கீறல் இல்லை. புறக்கோட்டைக்குப் போனேன், பேரேட்டைத் திறந்தேன், மத்தியானம் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டேன். மறுநாள் காலை கிளச்சைப் பிடித்த இடது கை விட மறுத்தது.

ஒன்றும் நடக்காதவன் எதைச் சொல்லிப் பயப்படுவது? கால் முறிந்திருந்தால் காட்டலாம். அதனால் முதுகு பிடித்துக்கொண்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போனேன். அன்றிரவு அவள் வேப்பெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி என் முதுகில் தேய்த்தாள். அடுத்த நாளும் தேய்த்தாள். மழைக்காலம் வந்தால் இப்போதும் தேய்க்கிறாள். அவளுடைய விரல்களுக்கு வாதம் வந்து நான்கு வருடமாகிறது. அந்த விரல்களால் வலியில்லாத என் முதுகைத் தேய்க்கிறாள்.

2022 ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்குப் பெற்றோல் இல்லை என்று அறிவித்தார்கள். வீதியில் சனம் அழுதது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகு கியூ.ஆர். பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் கொடுத்தபோது அதை எடுத்துக் கீழ்வீட்டு ஆட்டோக்காரருக்குக் கொடுத்தேன். நல்ல மனுசன் என்று ஒழுங்கை முழுவதும் சொன்னார்கள். அந்த வருடக் கடைசியில் வண்டியை விற்றேன். உன் கடைசித் தவணைக் கட்டணத்துக்காக அப்பா தன் சீ.டி. 125ஐ விற்றார் என்று நீ நண்பர்களிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அடுத்த அறையில் இருந்தேன். கட்டணத்துக்கு வேறு காசு இருந்தது. நான் வந்து திருத்தவில்லை. என் பயத்துக்கெல்லாம் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

இதற்கு நடுவில்தான் நீ 2019இல் கிருலப்பனையில் விழுந்தாய். பத்தொன்பது வயது. முழங்கை கிழிந்து, காற்சட்டை கிழிந்து வந்து நின்றாய். இன்றைக்கே ஏறாவிட்டால் பிறகு ஏறமாட்டாய் என்று சொல்லி, மறுநாள் காலை உன்னை ஏற்றி விட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் பார்வையைத் திருப்பினேன். சின்ன மாமா வண்டியை விற்றபோது, உன் முன்னால் வைத்தே, கோழை என்று சொன்னவனும் நான்தான். நீ எதையும் மறக்கிறவன் அல்ல. உன்னை ஏற்றிவிட்டு, நான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். விழுந்து அடிபட்ட அந்த ஹெல்மெட்டையே உன் தலையில் மறுபடி வைத்தும் அனுப்பினேன். உள்ளே இருக்கும் நுரை ஒரு தரம் நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது. போன கிழமை அதைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டேன். யாரும் எடுத்து அணிந்துவிடக் கூடாது.

நீ இங்கே வேலைக்குப் போன கடைசி மாதங்களில், வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் குழாயடியில் நெடுநேரம் கை கழுவிக்கொண்டு நிற்பாய். உள்ளங்கை வியர்வை. நானும் அதே குழாயடியில் அப்படி நின்றவன், உடனே கண்டுகொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்டால் என் கதையையும் சொல்ல வேண்டி வருமே என்று சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டேன்.

சாவு வீட்டுக்குப் போய் வந்ததாலோ, படங்களைப் பார்த்ததாலோ, வேறு எதனாலோ, உன் காரணம் எனக்குத் தெரியாது. காரணம் இல்லை என்றாலும் சரி. விற்க வேண்டும் என்றால் விற்போம், நானே ஆள் பார்க்கிறேன். எவனாவது கதைத்தால் என்னோடு வந்து கதைக்கட்டும். ஏற வேண்டும் என்றால் சித்திரை விடுமுறைக்கு வா. விடிய ஐந்தரைக்கு இரண்டு பேரும் போவோம், மரைன் ட்ரைவில் அந்த மரத்தடியில் ஆளுக்குப் பத்துத் தரம் நிறுத்திப் பழகுவோம். காலி வீதி எனக்கும் இன்னும் முடியவில்லை. இரண்டு கிழமையாக நானும் வண்டியைத் தொடவில்லை. புது ஹெல்மெட் நான் வாங்கித் தருகிறேன், வாரை நீ பூட்டு.

முடிவு எதுவாக இருந்தாலும் 10ஆம் திகதிக்கு முன் எழுது, புகைப் பரிசோதனைக்கு வரிசை நீளம். "பார்ப்போம் அப்பா" என்று எழுதாதே.

இதை அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை. சமையலறையில் எண்ணெய் சூடாக்குகிற வாசம் வருகிறது. தேய்க்க வந்ததும் வாசித்துக் காட்டிவிட்டு, நாளைக் காலை தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா