இடுப்பு வலியும் டிராக்டர் சீட்டும்

அன்புள்ள மாப்ளைக்கு,

ஆளியாறு தண்ணி வந்து கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சேத்துழவு ஓடுதுன்னு எழுதியிருந்தே, சந்தோஷம். டிரைவர் பையன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே இறங்கறான்னயே, அவனுக்குத் தைலமும் பெல்ட்டும் வாங்கறதுக்கு முன்னாடி சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாரு.

அங்க ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருக்கும். பக்கத்துல இருக்கற திருகு, ஓட்டறவன் எடைக்குத் தக்கபடி வெக்கறதுக்கு. வாங்கின அன்னைக்கு இருந்தபடியேதான் பல வண்டியில கிடக்கும். இறுக்கமா இருந்தா 55 கிலோ பையனுக்கு அது வெறும் பலகை. லூசா இருந்தா வரப்பு ஏறி இறங்கறப்ப அடியில போய் 'டக்'குனு முட்டும், அது இன்னும் மோசம். அவன் உட்கார்ந்ததும் சீட்டு பாதி அசைவுல நிக்கற மாதிரி திருகு. ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் கசிஞ்சிருந்தா மாத்திடு. வெறும் ஸ்பிரிங் துள்ளிக்கிட்டே இருக்கும். கிளட்சை முழுசா மிதிச்சாலும் முட்டி லேசா மடங்கியே இருக்கணும். எட்டாம இடுப்பைச் சாச்சு மிதிச்சா ஒரு பக்கமாத்தான் வலி பிடிக்கும்.

விநாடிக்கு 4-லிருந்து 8 தடவை வர்ற மேல்கீழ் ஆட்டம்தான் முதுகெலும்புக்கு ரொம்ப ஆகாதது. டயருக்குப் பதிலா மாட்டற இரும்புச் சக்கரம், அதான் ஃபுல் கேஜ் வீல், அதோட தார் ரோட்டுல போனா ரப்பர் தாங்க வேண்டிய அடியெல்லாம் அவன் முதுகு தாங்குது. (ரோடும் பாழ்.) வயல் வரைக்கும் டயர்லயே போகச் சொல்லு. இறங்கின கையோட விதைமூட்டை தூக்க விடாதே. கொஞ்சம் நடந்துட்டுத் தூக்கட்டும்.

பின்னாடி சேத்தைக் கிளறற ரோட்டவேட்டரைத் (சுழல் கலப்பை) திரும்பித் திரும்பிப் பார்க்கறதுல கழுத்து போகும். ரெண்டு மட்கார்டுலயும் பெரிய கண்ணாடி மாட்டு. வண்டிச் சத்தத்துக்குக் காதுல பஞ்சு பத்தாது, இயர் பிளக் வேணும். சத்தம் 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கலாம், 94 ஆனா ஒரு மணி நேரந்தான்.

பிளேடுல சுத்தின களையை எடுக்க எஞ்சினை அணைச்சுட்டுத்தான் இறங்கணும். ரோட்டவேட்டரை ஓட்டற எஞ்சின் தண்டு, அதான் பி.டி.ஓ., 540 ஆர்.பி.எம்.னா (நிமிஷத்துக்கு 540 சுத்து) விநாடிக்கு 9 சுத்து, கையை இழுக்க நேரம் கிடைக்காது. கால்ல வெடிப்போ புண்ணோ இருந்தா சேத்துல எலிக்காய்ச்சல் பயம் வேற. கம்பூட்ஸ் போடட்டும். உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல வாரம் ஒருதடவை போடற டாக்ஸிசைக்ளின் மாத்திரை தருவாங்க. டாக்டரைக் கேட்டு வாங்கிக்கட்டும்.

திருகு துருப்பிடிச்சு அசையலைன்னா சுத்தியலால அடிக்காதே. ராத்திரி டீசல் விட்டு ஊற வெச்சா காலையில திரும்பும்.

அன்புடன்,
உன் மாப்ளே