ஜனாதிபதி பதவி வெற்றிடமானால் என்ன நடக்கும்: 40ஆம் உறுப்புரையில் உள்ள ஓட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைக்குப் புதிய அரசியலமைப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதா வைத்திருப்பதா என்பதிலேயே விவாதம் நின்றுவிடுகிறது. அந்த முறை இருக்கும்வரைக்கும், பதவியில் இருப்பவர் இடைநடுவில் போனால் அந்தக் கதிரையில் யார், எந்த வழியில், எவ்வளவு காலத்துக்கு அமர்வது என்பதும் தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயமே. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பதவி விலகிய 2022 ஜூலையில் முழு நாடும் அதைக் கண்ணால் கண்டது. அப்படியிருந்தும், பதவி வெற்றிடமானால் பிரதமர் தானாகவே ஜனாதிபதி ஆகிவிடுவார் என்று இன்னமும் எழுதுகிறார்கள். உடனே பொதுமக்கள் வாக்களிக்கும் தேர்தல் வரும் என்று நம்புகிறவர்களும் உண்டு. இரண்டும் பிழை.

1978 அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரைப்படி, ஜனாதிபதி இறந்தால், சபாநாயகருக்குத் தம் கைப்பட எழுதிக் கொடுத்துப் பதவி விலகினால், பிரஜாவுரிமையை இழந்தால், அல்லது குற்றப்பிரேரணை மூலம் நீக்கப்பட்டால் பதவி வெற்றிடமாகும். அதன் பிறகு வேலை செய்வது 40ஆம் உறுப்புரை. பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரை ஜனாதிபதியாகத் தெரிவுசெய்யும். அந்தத் தெரிவு வெற்றிடம் ஏற்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். தெரிவாகிறவர் போனவரின் எஞ்சிய காலத்துக்கு மட்டுமே பதவி வகிப்பார். அவருக்குப் புதிதாக முழுத் தவணை கிடைக்காது. இடைப்பட்ட நாட்களில் பிரதமர் பதில் ஜனாதிபதியாக இருப்பார், அமைச்சரவையில் உள்ள வேறொருவரைப் பதில் பிரதமராக நியமிப்பார். பிரதமர் பதவியும் வெறுமையாக இருந்தாலோ, பிரதமரால் செயற்பட முடியாவிட்டாலோ சபாநாயகர் பதில் ஜனாதிபதி ஆவார்.

“தன் உறுப்பினர்களில் ஒருவரை” என்ற சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். பாராளுமன்றத்துக்கு வெளியே எவ்வளவு பெரிய மக்கள் ஆதரவு உள்ளவராக இருந்தாலும் அந்த வாக்கெடுப்பில் அவர் பெயரை முன்மொழிய முடியாது. மறுபுறம், தொகுதியில் வெல்லாமல் கட்சியின் மொத்த வாக்குப்படி கிடைக்கும் தேசியப் பட்டியல் ஆசனத்தில் வந்தவருக்குத் தடை எதுவும் இல்லை. 2020 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு முழு நாட்டிலும் கிடைத்தது ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனம். 2021 ஜூனில் அதில் அமர்ந்த ரணில் விக்கிரமசிங்க, 2022 மே 12இல் பிரதமராகி, ஜூலை 20இல் அதே சபையால் ஜனாதிபதியாகத் தெரிவானார். சட்டப்படி இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 4ஆம் உறுப்புரை, நிறைவேற்று அதிகாரத்தை மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஜனாதிபதி பிரயோகிக்க வேண்டும் என்று சொல்கிறது. 40ஆம் உறுப்புரை அதற்கு ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கு என்பதாலேயே அதன் ஒவ்வொரு படியும் ஐயத்துக்கு இடமின்றி இருந்திருக்க வேண்டும்.

அந்தப் படிகள் அரசியலமைப்பில் இல்லை. 1981ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தில் இருக்கின்றன. வெற்றிடம் ஏற்பட்டதே பாராளுமன்றத்துக்கு விடுக்கப்பட்ட அழைப்பாகக் கருதப்படும். 3 நாட்களுக்குள் சபை கூட வேண்டும். யாரும் தனியாக அழைப்பாணை விடுக்கத் தேவையில்லை. இது நல்ல ஏற்பாடு. பதில் ஜனாதிபதி விரும்பினாலும் கூட்டத்தைத் தள்ளிப்போட முடியாது. அந்தக் கூட்டத்தில் பாராளுமன்றச் செயலாளர் நாயகம் வெற்றிடத்தை அறிவித்து, வேட்புமனுக்களை ஏற்கும் நாளையும் நேரத்தையும் குறிப்பார். அந்த நாள் 48 மணித்தியாலத்துக்கு முந்தியதாகவோ 7 நாட்களுக்குப் பிந்தியதாகவோ இருக்கக்கூடாது. இந்தத் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரும் அவரே. தேர்தல் ஆணைக்குழுவுக்கு இதில் வேலை இல்லை. பெயர் முன்மொழியப்படுகிறவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஒரே பெயர் வந்தால் அவர் தெரிவானதாக அறிவிக்கப்படுவார். ஒன்றுக்கு மேற்பட்டால் 48 மணித்தியாலத்துக்குள் இரகசிய வாக்கெடுப்பு.

வாக்கெடுப்பில் உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கப்படுவர். சபாநாயகருக்கும் வாக்கு உண்டு. செயலாளர் நாயகத்தின் சுருக்கொப்பம் பின்புறத்தில் இடப்பட்ட சீட்டை வாங்கி, மறைவிடத்தில் வைத்து 1, 2, 3 என்று விருப்பு வரிசையைக் குறித்து, மடித்துப் பெட்டியில் போட வேண்டும். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றவர் வெற்றி பெறுவார். ஒருவருக்கும் அது கிடைக்காவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பை மற்றவர்களுக்குச் சேர்ப்பார்கள். எண்ணிக்கை சமமானால் திருவுளச்சீட்டு.

2022இல் 225 பேரில் 223 பேர் வாக்களித்தனர், தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் இருவர் வாக்களிக்கவில்லை. 4 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. மிஞ்சிய 219இல் வெல்லத் தேவையானது 110. ரணில் விக்கிரமசிங்க 134, டளஸ் அழகப்பெரும 82, அநுரகுமார திசாநாயக்க 3. முதல் எண்ணிக்கையிலேயே முடிவு தெரிந்துவிட்டதால் இரண்டாம் விருப்பை யாரும் பார்க்க வேண்டி வரவில்லை. இந்தச் சட்டத்தின் கீழ் போட்டியுடன் நடந்த முதல் வாக்கெடுப்பு அதுதான். அதற்கு முந்திய ஒரே சந்தர்ப்பம் 1993. மே 1ஆம் திகதி ரணசிங்க பிரேமதாச கொல்லப்பட்டார். அன்றே பிரதமர் டி. பி. விஜேதுங்க பதில் ஜனாதிபதியானார், 7ஆம் திகதி போட்டியின்றித் தெரிவானார். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துபோனதால், சட்டத்தில் ஓட்டை இருந்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

மரணத்துக்கு ஒரு நாளும் நேரமும் உண்டு. இராஜினாமாவுக்கு அது அவ்வளவு தெளிவாக இல்லை. 2022 ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகை போராட்டக்காரர்கள் கைக்குப் போனது. 13ஆம் திகதி ஜனாதிபதி பதவி விலகுவார் என்று அன்றிரவே சபாநாயகர் மகிந்த யாப்பா அபேவர்தன அறிவித்தார். 13ஆம் திகதி அதிகாலையில் கோட்டாபய ராஜபக்ஷ விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குப் போனார். வந்துசேர்ந்தது இராஜினாமாக் கடிதம் அல்ல, 37ஆம் உறுப்புரையின் 1ஆம் பந்தியின் கீழ் பிரதமரைத் தம் கடமைகளைப் பார்க்க நியமிக்கும் அறிவித்தல். 14ஆம் திகதி சிங்கப்பூர் சேர்ந்த பிறகே கடிதம் மின்னஞ்சலில் வந்தது. மூலப்பிரதி கையில் கிடைத்துச் சரிபார்த்த பின், 15ஆம் திகதி காலை சபாநாயகர் அதை அறிவித்து, இராஜினாமா 14ஆம் திகதியிலிருந்து செல்லும் என்றார்.

இதில் இரண்டு வேறுபட்ட சட்ட நிலைகள் இருக்கின்றன. செய்திகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 13ஆம் திகதி பிரதமர் செயற்பட்டது 37ஆம் உறுப்புரையின் கீழ். அந்த நிலையில் ஜனாதிபதி பதவி வெற்றிடம் அல்ல. நாட்டில் இல்லாவிட்டாலும் ஜனாதிபதி ஜனாதிபதியாகவே இருக்கிறார், வழக்குகளிலிருந்து அவரைக் காக்கும் விடுபாட்டுரிமையும் அவரோடு இருக்கிறது, திரும்பி வந்து கடமையை எடுத்துக்கொள்ளவும் முடியும். 3 நாள் கணக்கு தொடங்குவதில்லை, ஒரு மாதக் கணக்கும் தொடங்குவதில்லை. 15ஆம் திகதி பிரதம நீதியரசர் ஜயந்த ஜயசூரிய முன்னிலையில் பிரதமர் பதில் ஜனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் செய்ததுதான் 40ஆம் உறுப்புரையின் கீழ் வருவது. அந்தக் கடிதம் வராமலே போயிருந்தால்? 37ஆம் உறுப்புரை எந்தக் கால எல்லையும் வைக்கவில்லை. நோய், நாட்டில் இல்லாமை, “வேறு ஏதேனும் காரணம்” என்று மட்டும் சொல்கிறது. காரணம் இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பவரும் ஜனாதிபதியே. நியமனம் செய்யவே முடியாத நிலையில் அவர் இருந்தால், சபாநாயகரோடு கலந்தாலோசித்துப் பிரதம நீதியரசர் அபிப்பிராயம் தெரிவிக்க, சபாநாயகர் கடமைகளை ஏற்கலாம் என்று 2ஆம் பந்தி சொல்கிறது. அது சுயநினைவின்றிக் கிடப்பவருக்குப் பொருந்தும். வெளிநாட்டில் நலமாக இருந்துகொண்டு விலக மறுப்பவருக்குப் பொருந்தாது. அவரை நீக்கக் குற்றப்பிரேரணை ஒன்றே வழி. அதற்குப் பாராளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இருமுறை ஆதரிக்க வேண்டும், நடுவில் உயர் நீதிமன்ற விசாரணையும் உண்டு. மாதக்கணக்கில் இழுக்கும்.

வெற்றிடம் எந்த நாளில் ஏற்பட்டது என்பது வெறும் எழுத்து விவகாரம் அல்ல. 14ஆம் திகதி என்று கொண்டதால் 16ஆம் திகதி சனிக்கிழமை சபை கூடியது, 19ஆம் திகதி வேட்புமனு, 20ஆம் திகதி வாக்கெடுப்பு. கடிதம் அனுப்பிய நேரமா, சபாநாயகருக்குக் கிடைத்த நேரமா, அவர் உறுதிசெய்த நேரமா என்று யாராவது வழக்குப் போட்டிருந்தால், அதன்மேல் எழுந்த ஒவ்வொரு படியும் ஆடிப்போயிருக்கும். கைப்பட எழுதிய கடிதம் என்று விதித்த 1978இல் மின்னஞ்சல் இல்லை. இன்று இதற்கு ஒரு வரி போதும்: மூலப்பிரதி சபாநாயகரிடமோ, வெளிநாட்டில் என்றால் இலங்கைத் தூதரகத் தலைவரிடமோ ஒப்படைக்கப்படும் நேரமே வெற்றிடம் ஏற்படும் நேரம்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது என்று நான் கருதுவது வேறொன்று. பதில் ஜனாதிபதி அந்த வாக்கெடுப்பில் வேட்பாளராக நிற்கலாம். 2022 ஜூலை 18ஆம் திகதி, வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, பதில் ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். முப்படையும் பொலிசும் அவர் அதிகாரத்தின் கீழ் இருந்தன. வாக்களிக்கும் உறுப்பினர்களின் பாதுகாப்பும் அதற்குள் அடங்கும். வென்ற பின் யார் அமைச்சராவது என்பதும் அவர் கையில்தான். 19ஆம் திகதி அவர் பெயரை முன்மொழிந்த தினேஷ் குணவர்தன 22ஆம் திகதி பிரதமரானார். இதில் எவரும் சட்டத்தை மீறினார் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆள் நடுவராகவும் ஓட்டக்காரராகவும் இருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது என்பதுதான் என் முறைப்பாடு. ஜூலை 9ஆம் திகதி கட்சித் தலைவர்கள் கூட்டத்தில் ஜனாதிபதியும் பிரதமரும் இருவரும் விலகி, சபாநாயகர் பதில் ஜனாதிபதியாக வேண்டும் என்று கேட்டதன் தர்க்கமும் இதுவே. பிரதமர் விலகாததால் அந்த வழி திறக்கவில்லை. அவரை விலகச் சொல்லச் சட்டத்தில் இடமும் இல்லை.

வேட்பாளர்கள் சபையில் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வேட்புமனு ஏற்ற அமர்வு சில நிமிடங்களில் முடிந்தது. பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்ற ஒரு நாட்டுக்கு, அடுத்த இரண்டேகால் வருடத்தை ஆளப்போகிறவர் என்ன செய்வார் என்று கேட்கும் வாய்ப்பு அந்த நடைமுறையில் இருக்கவில்லை.

பாராளுமன்றம் கலைந்திருக்கும் வேளையையும் நினைக்க வேண்டும். அப்போது வெற்றிடம் ஏற்பட்டால், புதிய பாராளுமன்றம் தன் முதல் அமர்விலிருந்து ஒரு மாதத்துக்குள் தெரிவு செய்யும். 2024 செப்டெம்பர் 24ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, புதிய பாராளுமன்றம் கூடியது நவம்பர் 21ஆம் திகதி. கலைத்த மறுநாளே ஒரு வெற்றிடம் ஏற்பட்டிருந்தால், மக்கள் வாக்கோ சபை வாக்கோ பெறாத ஒரு பதில் ஜனாதிபதி டிசம்பர் 21ஆம் திகதி வரை ஆண்டிருக்கலாம். அப்போதைய அமைச்சரவையில் ஜனாதிபதியையும் சேர்த்து மூவர். பிரதமர் ஹரிணி அமரசூரிய பதில் ஜனாதிபதியானால், பதில் பிரதமராக நியமிக்க எஞ்சியிருப்பவர் விஜித ஹேரத் ஒருவரே. முழு அமைச்சரவையும் இரண்டு பேர். இது கற்பனைக் கணக்குத்தான், ஆனால் 1993 மே 1ஆம் திகதி காலையில் கேட்டிருந்தால் அன்று மாலைக்குள் நடந்ததையும் கற்பனை என்றே சொல்லியிருப்பார்கள்.

இவற்றில் பாதியைத் திருத்தப் புதிய அரசியலமைப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1981ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரணச் சட்டம், சாதாரணப் பெரும்பான்மை போதும். வேட்புமனுவுக்கும் வாக்கெடுப்புக்கும் இடையில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சபையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, அதை நேரலையாக ஒளிபரப்பச் சொல்லலாம். இராஜினாமாக் கடிதத்தைப் பெறும் முறையையும் அதிலேயே எழுதலாம். பதில் ஜனாதிபதி வேட்பாளராக நிற்பதானால் அந்த நாட்களில் சபாநாயகர் பதில் ஜனாதிபதியாக இருப்பார் என்ற மாற்றத்துக்கு 40ஆம் உறுப்புரையைத் தொட வேண்டும். அதற்கு மூன்றில் இரண்டு பங்கு தேவை. 37ஆம் உறுப்புரைக்கு, நாட்டுக்கு வெளியே தொடர்ந்து 30 நாட்கள் இருந்தால் பதவி வெற்றிடமாகும் என்ற எல்லையைச் சேர்ப்பதற்கும் அவ்வளவே வேண்டும். சர்வசன வாக்கெடுப்பும் தேவையா என்பதை உயர் நீதிமன்றம் தீர்மானிக்கும். 159 ஆசனங்களோடு இருக்கும் இன்றைய அரசுக்கு 150 வாக்குகள் திரட்டுவது கடினமல்ல. 2022இல் 3 வாக்குகள் பெற்றுத் தோற்ற வேட்பாளர் அநுரகுமார திசாநாயக்கவே இன்று ஜனாதிபதி. அந்த நடைமுறையின் குறைகளை வேட்பாளராகவே நின்று பார்த்தவர் அவர். இந்தத் திருத்தங்களை முன்வைக்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு