செண்டோல் அக்காவுக்கும், ஆற்றுக்காகக் கூட நின்ற எல்லாருக்கும்

வணக்கம்.

நேற்று சாயங்காலம் பத்தாம் நம்பர் ஓடைப் பாலத்தில் போய் நின்றேன். தண்ணீர் இன்னும் தெளியவில்லை, ஆனால் வாடை இல்லை. மூன்று மாதமாக மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த பாலம் அது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவு குழாய் வழியாக நம் ஓடையில் கலந்தது, அதற்கு யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் சுங்கை சிப்புட்டில் எல்லாருக்கும் தெரியும். செத்து மிதந்த மீன்களின் படத்தைப் பார்க்காதவர்கள் இங்கே இல்லை. அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. சுற்றுச்சூழல் துறை அதிகாரிகள் வந்தார்கள், தாங்களே தண்ணீர் எடுத்துப் போனார்கள், குழாயை அடைக்க உத்தரவு வந்துவிட்டது. தூண்டில்காரர்கள் நாங்கள் பதினோரு பேர் கேட்டது இதைத்தான்.

எங்களுக்கு உதவியவர்கள் நிறைய. ஆனால் முதலில் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை, எந்த மனுவிலும் கையெழுத்துப் போடவில்லை. மீன்கூடப் பிடிக்காதவர். நம் பசார் பக்கம், சந்தையோரம், ஐஸ் போட்ட செண்டோல் இனிப்பு விற்கும் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நல்ல மழை. மழை பெய்தால்தான் ஓடையின் நிறம் மாறும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். ஈப்போவில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் பாட்டில்களை வாங்கித் தயாராக வைத்திருந்தோம். தண்ணீரை எடுத்தவுடன் வெளிச்சம் படாமல் ஐஸில் வைக்க வேண்டும், 4 டிகிரி அளவில் குளிராக இருக்க வேண்டும், ஒரு நாளைக்குள் கொண்டு வந்துவிட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சூடு பட்டால் தண்ணீருக்குள் இருக்கும் கிருமிகள் வேலையைத் தொடங்கிவிடும், அப்புறம் வருகிற கணக்கு ஆற்றின் கணக்காக இருக்காது என்றார்கள்.

ஒரு மணிக்குப் போய் மூன்று மணிக்குள் ஆறு பாட்டில் நிரப்பினோம். திரும்பும்போது வரப்பில் கால் வழுக்கி, தெர்மோகோல் பெட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. ஐஸ் எல்லாம் சேற்றில். பாட்டில்கள் உடையவில்லை, அதுவே பெரிய விஷயம். ராத்திரியும் திறந்திருக்கும் கடையில் ஒரே ஒரு பை ஐஸ்தான் இருந்தது. ஈரத் துணியில் சுற்றி, வண்டியில் ஏர்கானை முழுசாக வைத்து, என்ன செய்வது என்று தெரியாமல் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தோம்.

அக்கா வீட்டு அடுப்படியில் விளக்கு எரிந்தது. சனிக்கிழமைக் கூட்டத்துக்காக அந்த நேரத்திலேயே செண்டோலுக்கான குலா மலாக்கா வெல்லப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டி, "அக்கா, கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா?" என்றுதான் கேட்டேன். எங்கள் உடம்பில் இருந்த சேற்றையும் கையில் இருந்த பாட்டிலையும் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளே போய், கடையில் வைக்கும் நீல நிற ஐஸ் பெட்டியை அப்படியே இழுத்துக்கொண்டு வந்தார். மறுநாள் வியாபாரத்துக்கான ஐஸ் முழுக்க அதில் இருந்தது.

அதோடு நின்றிருந்தாலும் நான் இந்த மடலை எழுதியிருப்பேன். ஆனால் அக்கா பாட்டில்களைப் பெட்டிக்குள் அடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "இது எந்த இடத்துத் தண்ணி?"

சொன்னோம். அடுத்ததைத் தூக்கினார். "இது?" அதையும் சொன்னோம். நாலாவது வரைக்கும் சரி. ஐந்தாவதில் நான் ஒன்று சொன்னேன், என் நண்பர் வேறொன்று சொன்னார். ஆறாவதிலும் அப்படித்தான். பம்பு வீட்டுக்கு மேலே எடுத்ததா கீழே எடுத்ததா என்று இருட்டில் நின்று வாதாடினோம்.

அக்கா உள்ளே போய் வெள்ளை ஒட்டுத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தார். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். தோட்டத்தில் நடந்த ஒரு விஷயத்தை அப்போதுதான் சொன்னார். பால் ஸ்டோரில் ஒவ்வொருத்தர் வாளியிலிருந்தும் கொஞ்சம் பால் எடுத்துச் சின்ன பாட்டிலில் வைப்பார்களாம். அதைக் காய வைத்து, எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்த்துத்தான் சம்பளம். ஒரு மாதம் இவர் பாட்டிலும் இன்னொருவர் பாட்டிலும் மாறிப்போனது. மழைத் தண்ணீர் கலந்த பாலுக்கு உண்டான கணக்கு இவர் தலையில் விழுந்தது. போய்க் கேட்டபோது, "உன் பாட்டில் எது, காட்டு" என்றார்களாம். காட்ட முடியவில்லை. பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை வாங்க வைத்திருந்த பணம் அந்த மாதம் வரவில்லை.

"அதனால எழுதுங்க தம்பி. எடம், மணி, யார் மொண்டது, யார் கூட நின்னது. நாலும் எழுதுங்க. சந்தேகம் இருக்கிறத ஊத்திடுங்க."

எங்களுக்கு மனசே வரவில்லை. அத்தனை சிரமப்பட்டு எடுத்த தண்ணீர். ஆனால் அவர் நின்ற விதம் அப்படி. ரெண்டு பாட்டிலையும் அவர் வீட்டுச் சாக்கடையிலேயே ஊற்றினோம். மீதி நாலு: குழாய்க்கு மேலே, குழாய் வாயில், பாலத்தடியில், ஓடை சுங்கை பிளஸ் ஆற்றில் சேரும் இடத்தில். ஒவ்வொன்றிலும் அக்காவின் குண்டு குண்டான கையெழுத்து. நாங்கள் சொல்லச் சொல்ல அவரே எழுதினார், எங்கள் கை அவ்வளவு நடுங்கியது.

காலை எட்டு மணிக்கு ஈப்போவில் இருந்தோம். பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பாதிகூடக் கரையவில்லை.

பிறகு நடந்த கூட்டத்தில், எதிர்பார்த்தபடியே, "எந்தப் பாட்டில் எங்கே எடுத்தது, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். ஒட்டுத் தாள் தெரிகிற பாட்டில் படங்களை எடுத்து வைத்தோம். இடம், மணி, மொண்டவர், கூட நின்றவர். அதன் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. வழக்கு என்று போனால் அதிகாரிகள் எடுக்கும் தண்ணீர்தான் செல்லும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த அதிகாரிகளை இங்கே வரவழைத்தது அந்த நாலு பாட்டில்தான். அதிலும் குழாய்க்கு மேலே எடுத்த பாட்டில். அதில் தண்ணீர் நன்றாக இருந்தது. அது இல்லாவிட்டால் ஓடையே அப்படித்தான் என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

இதையெல்லாம் விட எனக்கு நெஞ்சில் குத்துவது ஒன்று உண்டு. அந்தச் சனிக்கிழமை அக்கா கடை திறக்கவில்லை. ஐஸும் இல்லை, பெட்டியும் இல்லை. காய்ச்சிய பாகை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாராம். மூன்று வாரம் கழித்து, பக்கத்தில் ரொஜாக் விற்பவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பணம் கொடுக்கப் போனேன். "என் வாளிக்கு அன்னைக்கு யாரும் வரல. உங்க ஆத்துக்கு நான் வந்தேன், அவ்வளவுதான்" என்றார். அதற்கு மேல் நின்று பேச என்னால் முடியவில்லை.

கூட்டத்தில் பேசிய எங்கள் மோட்டார் பட்டறை அண்ணனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். "ஹாருவான் இருக்கிறது, கீலி இருக்கிறது, அப்புறம் எப்படி ஆறு செத்துவிட்டது என்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டபோது அரங்கமே தலையாட்டியது. அண்ணன் எழுந்து நிதானமாக மலாயில் விளக்கினார். ஹாருவானும் கீலியும் புயுவும் தலையைத் தூக்கி மேல்காற்றைக் குடிக்கிற மீன்கள். நம் தாத்தாக்கள் விரால், கெளுத்தி, பனையேறி என்று சொன்ன அதே சாதி. சேற்றிலும் பிழைக்கும். கெலாவும் தெங்காஸும் செபாராவும் அப்படி இல்லை, தண்ணீருக்குள் இருக்கும் காற்றுதான் அவற்றுக்கு மூச்சு. செம்பனைக் கழிவு விஷம் இல்லை என்று ஆலைக்காரர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அது அழுகும்போது தண்ணீரில் உள்ள காற்றை முழுக்க இழுத்துக்கொள்கிறது. எண்ணெய் பிழிந்த கழிவு குளங்களில் தங்கிச் சுத்தமாவதற்கு முன் அதன் பி.ஓ.டி., அதாவது அழுகும்போது அது தண்ணீரிலிருந்து இழுக்கும் காற்றின் கணக்கு, லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆற்றில் விடுவதற்கு உள்ள வரம்பு 100. 30 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்துத்தான் அந்தக் கணக்கைச் சொல்கிறார்கள். எங்கள் பாட்டில்கள் அங்கே இருந்த அந்த மூன்று நாளும் எங்களில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

"மிஞ்சி நிற்கிற மீனைக் காட்டாதீர்கள், காணாமல் போன மீனைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு அண்ணன் உட்கார்ந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அன்றைக்கு அங்கே இருந்த படித்தவர்கள் யாரும் அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தையும் செம்பனை எண்ணெய்க்கான 1977 விதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து எங்களுக்குத் தமிழில் விளக்கி, மனுவை மலாயில் எழுதிக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா. விடுமுறை நாளில் எங்களுக்காகக் கதவைத் திறந்த பரிசோதனைக் கூடத்துப் பெண். கோவில் மண்டபத்தைக் காசு வாங்காமல் கொடுத்த நிர்வாகத்தினர். முந்நூற்றுக்கும் மேல் கையெழுத்து வாங்கிய இளைஞர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தே தாரேக் அனுப்பிய மாமாக் கடைப் பாய். பயப்படாமல் வாக்குமூலம் கொடுத்த லோரி ஓட்டுநர். எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

ஆற்றின் மேல்பக்கம் உலு பிளஸிலிருந்து வந்த தெமியார் பூர்வகுடிப் பெரியவருக்குத் தனியாக ஒரு வார்த்தை. கழிவு கலந்த இடம் அவர் ஊருக்கு வெகு கீழே. அவர் குடிக்கும் தண்ணீருக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனாலும் வந்தார். மழைக்காலத்தில் மீன் கீழேயிருந்துதான் ஏறி வருகிறது, கீழே செத்தால் எங்களுக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டார். நாங்கள் ஆறு என்றால் எங்கள் பாலத்திலிருந்து எங்கள் மடு வரைக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம்.

தூண்டில்காரனுக்கு ஆற்றின் மேல் என்ன அக்கறை, மீனைக் கொல்கிறவன்தானே என்று சிலர் கேட்டார்கள். கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் பல நாள் அதை யோசித்தேன். விடிவதற்கு முன் ஆற்றங்கரையில் நிற்பது யார்? தண்ணீர் ஒரு சாண் இறங்கினாலும், மணல் மேடு இடம் மாறினாலும், பாறையில் பாசி வேறு நிறத்தில் படிந்தாலும் முதலில் பார்ப்பது நாங்கள்தான். பார்த்துவிட்டு இருபது வருஷம் சும்மா இருந்தோம். வேறு மடு தேடிப் போனோம். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், வளர்ந்த பழக்கம் அது. ரப்பர் காலத்தில் ஃபேக்டரிக்குக் கீழே ஓடை வெள்ளையாக, புளித்த வாடையோடு ஓடும். அம்மா மேலே போய்த் துணி துவைப்பார், யாரும் எதையும் கேட்டதில்லை. வேலை போய்விடும், வீடு போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. எங்களுக்கு இன்று அந்தச் சாக்கு இல்லை.

அதனால் நாங்கள் பதினோரு பேரும் கோவிலில் கற்பூரம் ஏற்றிச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அதே நாலு இடத்தில் தண்ணீர் எடுப்போம். நாலு விவரமும் எழுதுவோம். தூண்டிலில் கெலா ஏறினால் கொக்கியைக் கழற்றி ஆற்றிலேயே விடுவோம், எவ்வளவு பெரிசாக இருந்தாலும். பேட்டரி வைத்து மீன் பிடிப்பவர்களையும் மீனைக் கொல்லும் துபா வேரை இடித்துத் தண்ணீரில் கலப்பவர்களையும் கண்டால் புகார் கொடுப்போம். அது நம் ஆட்களாக இருந்தாலும், சொந்த மச்சானாக இருந்தாலும்.

அக்கா, உங்கள் நீலப் பெட்டி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. மூன்று தடவை கழுவியும் அடியில் ஒரு பழுப்புக் கறை போகவில்லை. அதில் நீங்கள் மறுபடி ஐஸ் வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப் பெட்டி ஒன்று கொண்டு வருகிறேன், ஐஸோடு. வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். பழையதை எங்களிடமே விட்டுவிடுங்கள், மாதா மாதம் தண்ணீர் எடுக்க அதுதான் வேண்டும். ஒட்டுத் தாளும் நாங்களே வாங்கிவிட்டோம். முதல் மாதத்துக்கு மட்டும் நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்.